புராஸ்டேட் புற்றுநோயில் தண்டுவடம் நெரிபடுதல்: எந்த முதுகுவலி அவசரமானது?

கொங்கு நாட்டில் முதுகுவலி இல்லாத எழுபது வயதுக்காரரைத் தேடிப் பிடிப்பது கடினம். மஞ்சள் வெட்டியும், தென்னைக்குத் தண்ணீர் கட்டியும், தறிக்குடோனில் இரவு ஷிப்டு நின்றும் தேய்ந்த முதுகுகள் அவை. "வேலை செஞ்ச ஒடம்புங்க, வலிக்கத்தானுங்க செய்யும்" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வதும், தவிட்டு ஒத்தடம் கொடுப்பதும், சுளுக்கு எடுப்பவரிடம் போவதும் இங்கே வழக்கம். பெரும்பாலான முதுகுவலிக்கு அந்தச் சொல் பொருந்தவும் செய்யும். தசைப்பிடிப்போ எலும்புத் தேய்மானமோ தவிர அதற்குப் பின்னால் வேறு எதுவும் இராது. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதாக ஒருமுறை கண்டறியப்பட்ட ஆணின் முதுகுவலிக்கு அந்தச் சலுகையைத் தரக் கூடாது. அவருடைய வலி, தண்டுவடம் நெரிபடத் தொடங்கியிருப்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலை என்ன, ஏன் நேர்கிறது, அதில் ஏன் மணிக்கணக்கு முக்கியம் என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும் வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உடலின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். முதுகெலும்பு என்பது ஒற்றை எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 33 முள்ளெலும்புகளின் வரிசை. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னே 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் ஒரு துவாரம் இருக்கிறது. அந்தத் துவாரங்கள் வரிசையாக அமைந்து நீண்ட குழாயாகின்றன. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அந்தக் குழாய்க்குள்தான் தொங்குகிறது. வளர்ந்த ஆணுக்கு அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் தடிமனும் உடையது. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மயிரைப் போன்ற நரம்புக் கற்றை மட்டுமே செல்கிறது.

திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் பூமியைத் துளைக்காத ஊர் கொங்கில் அநேகமாக இல்லை என்பதால், போர்வெல்லை வைத்தே இதை விளக்கிவிடலாம். கேசிங் பைப்புக்குள் மோட்டாருக்கான கேபிள் இறங்குகிறது. மேலே மின்சாரம் இருக்கிறது. அடியில் மோட்டாரும் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் கேசிங் நசுங்கி உள்ளே பிதுங்கினால் கேபிள் நெரிபடும். மோட்டார் திணறும், பிறகு நின்றுவிடும். தண்டுவட அழுத்தத்தில் நிகழ்வதும் இதுவே. மூளை நலமாக இருக்கிறது, கால்களும் நலமாக இருக்கின்றன. இடையில் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தண்டுவடம் நெரிபடுவதால் மூளையின் கட்டளை கால்களுக்குப் போய்ச் சேர்வதில்லை, கால்களின் உணர்வு மூளைக்கு வருவதில்லை. உவமை இந்த இடம் வரைதான் பொருந்தும். கேபிள் கெட்டால் புதியதை இறக்கிவிடலாம். இறந்துபோன தண்டுவடத்தை மாற்றவோ ஒட்டவோ இன்றுவரை வழி இல்லை.

புற்று முதுகெலும்புக்கு எப்படிப் போகிறது

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும், சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சிறு சுரப்பி. வயதானபின் அது வீங்குவது இயல்பு. அந்த வீக்கம் புற்றுநோய் ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பயப்படுவோரும் இருக்கிறார்கள், அதே குழப்பத்தால் அலட்சியமாக இருப்போரும் இருக்கிறார்கள். புற்றுநோய் வேறு. அது சுரப்பியைக் கடந்து பரவும்போது பெரும்பாலும் எலும்பையே நாடுகிறது. இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு ஆகியவை அதன் முதன்மையான இலக்குகள்.

இடுப்புக்குழிக்குள் இருக்கும் சுரப்பியின் நோய் நெஞ்சுக்குப் பின்னே இருக்கும் எலும்புக்கு எவ்வாறு ஏறுகிறது என்ற கேள்விக்கு, அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கர் பேட்சன் 1940இல் ஒரு விடை தந்தார். இடுப்புக்குழியின் சிரைகளும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளும் ஒன்றோடொன்று இணைந்த வலையாக இருப்பதையும், அந்த வலையில் இரத்தம் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் வால்வுகள் இல்லாததையும் அவர் சடலங்களில் சாயம் செலுத்திக் காட்டினார். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றில் அழுத்தம் கூடுகிறது. அப்போது இடுப்பின் இரத்தம் இதயத்துக்கு நேராகப் போகாமல் இந்தப் பக்க வாய்க்காலில் ஏறி முதுகெலும்புக்குள் புகலாம். புற்றுச் செல்களும் அதே வாய்க்காலில் பயணிக்கக் கூடும். எலும்பு மஜ்ஜையின் தன்மையும் அந்தச் செல்களுக்கு ஒத்துப்போவதால்தான் அவை அங்கே வேர்விடுகின்றன என்பதும் இன்று ஏற்கப்பட்ட விளக்கம். வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது, வயலும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

மற்றப் புற்றுநோய்கள் பல எலும்பை அரித்துத் தின்னும். புராஸ்டேட் புற்றோ பெரும்பாலும் எலும்பை அடர்த்தியாக்குகிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தெரியும். அடர்த்தியானால் உறுதியாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் ஒழுங்கின்றிக் கொட்டிக் குவித்த எலும்பு அது. பூட்டு இல்லாமல் அடுக்கிய செங்கல்லைப் போன்றது.

அந்த முள்ளெலும்பிலிருந்து புற்றுக் கட்டி பின்னோக்கி வளர்ந்து குழாய்க்குள் பிதுங்கலாம். அல்லது முள்ளெலும்பே உடைந்து, அதன் சில்லு குழாய்க்குள் தள்ளப்படலாம். எவ்வாறாயினும் முதலில் அடைபடுவது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சிரைகளே. இரத்தம் வெளியேற வழியில்லாததால் தண்டுவடத்தில் நீர் கோத்து வீக்கம் உண்டாகிறது. இந்தக் கட்டத்தில் அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அது மீளும். அழுத்தம் நீடித்தால் தமனி வழியாக வரும் இரத்தமும் குறைந்து, நரம்புச் செல்கள் சாகத் தொடங்குகின்றன; அதன்பிறகு அழுத்தத்தை எடுத்தாலும் பயன் சொற்பம். இந்த நோயில் மருத்துவர்கள் மணிக்கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் இந்த வரிசைதான்.

முதலில் வருவது வலி

தாராபுரத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் வசிக்கும் 72 வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் உண்மையில் இருக்கும் ஒரு தனிமனிதர் அல்லர். பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்து விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட உருவம். மூன்று ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்டு, மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை ஊசி போட்டுவருகிறார். டி.வி.எஸ். மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்வரும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறார். ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் நடுமுதுகில் ஒரு வலி தொடங்குகிறது.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தண்டுவட அழுத்தம் இப்படி வலியாகத்தான் தொடங்குகிறது. கால் தளர்வதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் முன்பே வலி வந்துவிடுகிறது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ஆகவே அந்த வலியின் குணங்களை மற்ற வலிகளிலிருந்து பிரித்து அறிவது, இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிப்பதைக் காட்டிலும் பயனுடையது.

சாதாரணத் தேய்மான வலி பெரும்பாலும் கீழிடுப்பில் வரும், குனிந்து நிமிர்ந்தால் கூடும், படுத்தால் தணியும். இந்த வலியோ படுத்தால் கூடலாம். இரவில் தூக்கத்தைக் கெடுத்து, மனிதரை எழுந்து நாற்காலியில் உட்காரவைக்கும். இருமினாலும், தும்மினாலும், மலம் கழிக்க முக்கினாலும் வெட்டி இழுக்கும். நாளுக்கு நாள் குறையாமல் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் நடுமுதுகில், அதாவது தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும். தண்டுவட அழுத்தங்களில் பாதிக்கு மேற்பட்டவை மார்புப் பகுதி முள்ளெலும்புகளில்தான் நேர்கின்றன. தேய்மானம் கழுத்தையும் இடுப்பையும் நாடுமே தவிர நடுமுதுகை அவ்வளவாகத் தொடுவதில்லை. எனவே வயதானவரின் நடுமுதுகு வலி என்றாலே ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். இன்னொரு குணம், வலி முதுகிலிருந்து புறப்பட்டு விலாவைச் சுற்றி முன்பக்கம் வருவது. அரைஞாண் கயிற்றை யாரோ மார்பிலோ வயிற்றிலோ ஏற்றி இறுக்கிக் கட்டியது போல் இருக்கிறது என்று நோயாளியே சொல்வார். அதைக் கேட்பவர்கள் வாயு என்று முடிவுகட்டிச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நம் பெரியவர் என்ன செய்கிறார்? மருந்துக் கடையில் "வலிக்கு ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போடுகிறார். அந்தச் செட்டில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சில சமயம் கொடுப்பவருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரை அதில் கலந்திருந்தால் இரண்டு மூன்று நாள் வலி மாயமாய்க் குறையும். நோய் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். இந்தச் செட் மாத்திரைப் பழக்கத்தின்மேல் எனக்கு உள்ள கோபத்தை இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த கட்டம் கால்கள். அது திடீரென்று விழுந்துவிடும் முடக்கமாக எல்லாருக்கும் வருவதில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழும்போது கையை ஊன்றுகிறார். மொபெட்டில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. படியேறும்போது முழங்கால் மடங்குகிறது. தரை பஞ்சின்மேல் நடப்பதைப் போல் இருக்கிறது என்கிறார். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறார். நரம்பு மருத்துவர்கள் நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "நடக்கும்போது செருப்பு கழண்டு போறது தெரியுதா?" செருப்பு ஒரு பக்கம் கிடக்க, அது தெரியாமலே பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவருக்குப் பாத உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். உடலில் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே எல்லாமே மரத்துப்போனது போல் இருப்பதும், மொபெட் சீட்டில் படும் பகுதியில் உணர்வு மங்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

கடைசியாகச் சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளும், அல்லது தெரியாமல் சொட்டும், மலச்சிக்கல் கடுமையாகும். புராஸ்டேட் நோயாளிக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறுநீர்த் தொல்லை அவருக்குப் பழைய தொல்லை. ஆகவே நீர் அடைத்தால் வீட்டாரும், சில சமயம் மருத்துவரும்கூட, "புராஸ்டேட்காரருக்கு இது வர்றதுதான்" என்று டியூப் போட்டு அனுப்பிவிடக் கூடும். மலச்சிக்கலுக்கு வலி மாத்திரையின்மேல் பழி போடுவார்கள். முதுகுவலியும் கால் தளர்ச்சியும் உள்ளவருக்கு நீர் அடைத்தால், தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்கப்படும்வரை அதைப் புராஸ்டேட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

புற்றுநோய் இருப்பது முன்னரே தெரியாமல், தண்டுவட அழுத்தமே அதன் முதல் அறிகுறியாக வருவோரும் உண்டு. ஐம்பது அறுபது வயதைக் கடந்த ஆணுக்கு நடுமுதுகு வலியோடு கால் தளர்ந்தால், அவருக்கு அதுவரை எந்த நோயும் இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி ஆகாது.

அந்த நாளில் செய்ய வேண்டியவை

வலி மட்டும் மேற்சொன்ன குணங்களோடு இருந்தால், அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திராமல், அன்றோ மறுநாளோ சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல். கால் தளர்ச்சி, மரத்துப்போதல், நீர் அடைப்பு இவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்துவிட்டாலோ அதே வழிகாட்டுதல் தரும் கெடு 24 மணி நேரம்தான். கல்யாணமோ, நோம்பியோ, சாளைக்கு வந்த ஒரம்பரையோ, சந்தைக்கு ஏற்ற வேண்டிய தேங்காய் லோடோ அந்த ஒரு நாளை விழுங்க விடக் கூடாது.

எண்ணெய் தேய்த்து உருவுவதும், சுளுக்கு எடுப்பதும், முதுகில் ஏறி மிதிப்பதும் கூடவே கூடாது. புற்று புகுந்து வலுவிழந்த முள்ளெலும்பு ஒரு திருகலில் உடையலாம். மாலையில் நடந்து போனவர் இரவில் நடக்க முடியாமல் ஆவதற்கு அது போதும். பயணமும் கவனத்துக்குரியது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து இருபுறமும் பிடித்துக்கொண்டு மண்பாதையில் குலுங்கிப் போவதைத் தவிர்த்து, 108 ஆம்புலன்சை அழைத்துச் சமதளமாகப் படுக்கவைத்துக் கொண்டுபோவதே நல்லது.

எங்கே போவது என்பதிலும் நேரம் இழக்கப்படுகிறது. தாராபுரத்திலிருந்து கோவை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்து, டிரிப்ஸ் ஏற்றி, பிறகு நகரத்துக்குப் போவதைக் காட்டிலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், முதுகெலும்பு அறுவை மருத்துவரும், கதிர்வீச்சு வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போவது மேல். கிளம்பும் முன் தொலைபேசியில் அழைத்து இவை உண்டா என்று கேட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. அட்டையை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போகாமல் பழைய ரிப்போர்ட்டுகளோடு எடுத்துப் போக வேண்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தால் நோய் இல்லை என்று பொருள் அன்று. எலும்பின் மாற்றம் வெகுதூரம் போன பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். தண்டுவடம் அதில் தெரியவே தெரியாது. தேவையானது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதுவும் வலிக்கும் இடத்துக்கு மட்டுமன்றி முழு முதுகெலும்புக்கும். வலி ஓரிடத்தில் இருக்க நெரிசல் வேறிடத்தில் இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நெரிசல் இருப்பதும் அரிதன்று. இடுப்பு வலிக்கிறது என்று இடுப்புக்கு மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு, மார்புப் பகுதியில் இருக்கும் கட்டியைத் தவறவிடுவது நடக்கக்கூடிய பிழை. நம் நாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று முதுகெலும்புக் காசநோய். அதுவும் மார்புப் பகுதியையே நாடும், அதுவும் தண்டுவடத்தை நெரிக்கும். பொதுவாகக் காசநோய் இரு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வுத் தட்டையும் அழிக்கும், புற்று அந்தத் தட்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஐயம் இருந்தால் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

சிகிச்சை

பெரும்பாலும் முதலில் தருவது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. தொடக்க அளவு வழக்கமாக 16 மில்லிகிராம். அது புற்றைக் கொல்வதில்லை. தண்டுவடத்தில் கோத்த நீரை வடியச் செய்து அவகாசம் வாங்கித் தருகிறது. சற்றுமுன் மருந்துக் கடை ஸ்டீராய்டைக் குறைசொன்ன நானே இங்கே அதைப் போற்றுவதில் முரண் இல்லை: ஸ்கேனுக்கான ஏற்பாட்டோடு, இன்ன காரணத்துக்காக என்று அறிந்து தருவது வேறு, வலியை மூடிவைக்கத் தருவது வேறு. சர்க்கரை நோயாளிக்கு இம்மருந்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும் என்பதால் அதை அடிக்கடி பார்க்க வேண்டும். வயிற்றுப் புண் வராமலிருக்க உடன் மருந்து தருவார்கள். பின்னர் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பார்கள்.

அடுத்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் குழாய்க்குள் பிதுங்கிய கட்டியை அகற்றி, தளர்ந்த முள்ளெலும்புகளை உலோகத் தண்டும் திருகும் வைத்து நிறுத்துகிறார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 101 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையும் கதிர்வீச்சும், மற்றதற்குக் கதிர்வீச்சு மட்டும் தந்தார்கள். முதல் பிரிவில் 84 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 57 விழுக்காட்டினரும் சிகிச்சைக்குப்பின் நடந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் மட்டும் நெரிசல் உள்ளவர்கள், அறுவையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவர்கள். நெரிசல் பல இடங்களில் இருந்தாலோ, இதயமும் நுரையீரலும் இடங்கொடாவிட்டாலோ, கால்கள் அசைவிழந்து நாட்கள் கடந்திருந்தாலோ அறுவை பொருந்தாது.

அத்தகையோருக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. நம் பக்கத்தில் 'கரன்ட் வைப்பது' என்று சொல்வது இதைத்தான். பல வாரம் தங்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சித் தயங்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 686 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் ஒரே தவணையாக 8 கிரே அளவுக் கதிர்வீச்சு பெற்றவர்களில் எட்டு வாரம் கழித்து நடந்தவர்கள் ஏறத்தாழ 69 விழுக்காடு. ஐந்து நாளில் 20 கிரே பெற்றவர்களில் 73 விழுக்காடு. ஒரு தவணை ஐந்துக்குச் சமம் என்று சொல்ல ஆய்வாளர்கள் முன்கூட்டி வகுத்திருந்த எல்லையை இந்தக் கணக்கு மயிரிழையில் தவறவிட்டது. ஆனாலும் உடல் நலிந்தவருக்கு ஒரு நாள் சிகிச்சை பயனற்றதன்று என்பதற்கு இது போதிய சான்று. எது யாருக்கு என்பதைச் சிகிச்சை தருபவரே முடிவு செய்வார்.

மூன்றாவது, புராஸ்டேட் புற்றுக்கே உரிய ஹார்மோன் சிகிச்சை. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்கு முன், முதல் ஒன்றிரண்டு வாரம் அதை ஏற்றிவிடும். ஏற்கெனவே தண்டுவடம் நெரிபடும் நிலையில் இருப்பவருக்கு, அதுவரை ஹார்மோன் சிகிச்சையே பெறாதவராயின், அந்த ஏற்றத்தில் கட்டி மேலும் வீங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அத்தகையவருக்கு விதைகளை அகற்றும் சிறு அறுவையையோ, ஏற்றாமலே சில நாட்களில் அடக்கும் டிகாரெலிக்ஸ் ஊசியையோ தேர்வார்கள். வேறு ஊசி போட வேண்டியிருந்தால் பைகாலூட்டமைடு போன்ற மாத்திரையை முன்னதாகவே தொடங்குவார்கள். விதையகற்றும் அறுவை என்றதும் முகம் சுளிக்கும் குடும்பங்கள் உண்டு. செலவு குறைவு, பலன் விரைவு, மாதாமாதம் ஊசிக்கு அலைய வேண்டியதில்லை என்பதை எடுத்துச் சொன்னால் பெரியவர்களே ஒப்புக்கொள்வதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் நடப்பாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சிகிச்சை தொடங்கும் நேரத்தில் அவர் நடந்துகொண்டிருந்தாரா என்பதே. தம் காலால் நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நடப்பவருக்கும் நல்ல வாய்ப்பு உண்டு. கால்கள் முற்றிலும் அசைவிழந்து ஓரிரு நாள் கடந்துவிட்டால் திரும்ப நடப்பது அரிது. அப்போதும் வலி தணிவதற்காகக் கதிர்வீச்சு தருவதில் பொருள் உண்டு.

நடை திரும்பாதவரின் வீட்டுக்குச் சிகிச்சைக்குப் பின்னும் வேலை இருக்கிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். உணர்வில்லாததால் அவருக்கு அது தெரியாது. ஏர் பெட் உதவும், ஆனால் புரட்டுவதற்கு அது மாற்றாகாது. கெண்டைக்காலில் வீக்கமும் சூடும் தெரிந்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். உட்காரும் கக்கூசுக்கு மேல் வைக்கும் நாற்காலியும், பிசியோதெரபி செய்பவரின் வருகையும் தேவைப்படும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

இனி, இவ்வளவையும் வீணாக்கிவிடக்கூடிய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் புற்றுநோய் என்ற பெயரைச் சொல்வதில்லை. "அப்பாருக்குத் தெரியாதுங்க, நீர்க் கடுப்புக்கு ஊசி போடறோம்னு சொல்லி வெச்சிருக்கறோம்" என்று மகன் மருத்துவரின் அறை வாசலில் தாழ்ந்த குரலில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான். ஆனால் தமக்கு என்ன நோய் என்று அறியாத மனிதர் நடுமுதுகு வலியை யாரிடமும் சொல்ல மாட்டார். மருமகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று தைலத்தோடு நிறுத்திக்கொள்வார். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போதும், அவர் காதில் விழுந்துவிடுமோ என்று மகன் அந்தச் சொல்லை விழுங்கிவிட, பணியில் இருக்கும் இளம் மருத்துவர் வெறும் முதுகுவலி என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடும். பெயரைச் சொல்லத்தான் மனம் வரவில்லை என்றால், "முதுகு வலிச்சாலோ கால் தடுமாறுனாலோ அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப் போடுங்கப்பா, ராத்திரியானாலும் எழுப்புங்க" என்றாவது அவரிடம் சொல்லி வைக்கலாம். "புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவியுள்ளது, இப்போது புதிய முதுகுவலி" என்று ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டால், அவசரப் பிரிவில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையும் இராது.